பிளேட்லெட்டை ஏற்றுவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்விகள்



ஒப்பரேஷனுக்குத் திகதி குறித்த பிறகு "பிளேட்லெட் காணாது, ஏற்றிவிட்டுத்தான் செய்யலாம்" என்று டொக்டர் சொன்னால் நம் வீடுகளில் இரண்டு விதமான பிழை நடக்கிறது. சிலர் "எப்படியாவது கவுண்டை ஏற்றித் தாருங்கள்" என்று டொக்டரை நெருக்குகிறார்கள். சிலர் ஸ்டீரொயிட் என்ற பெயரைக் கேட்டதுமே பயந்து, மாத்திரையை அலுமாரியில் வைத்துவிட்டுப் பப்பாசி இலை தேடிப் போகிறார்கள். இரண்டாலும் பாதிக்கப்படுவது நோயாளிதான்.

கவுண்டைத் துரத்தும் பழக்கம் நமக்கு டெங்குவால் வந்தது. 2017இல் நாடு முழுவதும் 186,000 பேருக்கு மேல் டெங்கு பதிவானது. அந்த வருடம் யாரைக் கண்டாலும் "கவுண்ட் எவ்வளவு?" என்றுதான் கேட்டோம். டெங்குவில் ஆபத்தான கட்டம் கடந்ததும் பெரும்பாலும் எண்ணிக்கை தானாகவே ஏறும். பேர் மட்டும் பப்பாசிச் சாற்றுக்குப் போய்விட்டது. ஒப்பரேஷனுக்கு முன் காணும் குறைவு எல்லாமே அப்படித் தானாகச் சரியாவதில்லை.

வகுப்பில் நாங்கள் குருதிச் சிறுதட்டுகள் என்று படிப்பிப்பது இவற்றைத்தான். சாதாரணமாக ஒரு மைக்ரோலீற்றர் இரத்தத்தில் 150,000 முதல் 450,000 வரை இருக்கும். பெரிய ஒப்பரேஷன்கள் பலவற்றுக்கு 50,000 போதும் என்றே வைத்தியர்கள் கணக்கிடுகிறார்கள். மூளை ஒப்பரேஷன் என்றால் 100,000 கேட்பார்கள். ஆகவே எல்லோரும் 150,000ஐத் தொட வேண்டியதில்லை. நமக்குச் செய்யப்போகும் ஒப்பரேஷனுக்கு எவ்வளவு தேவை என்பதே முதல் கேள்வி.

ஏன் குறைந்தது என்பது இரண்டாவது கேள்வி. சிலருடைய இரத்தம் பரிசோதனைக் குழாயில் உள்ள இரசாயனத்தால் கட்டியாகி, இல்லாத குறைவை ரிப்போர்ட்டில் காட்டிவிடும். நுணுக்குக்காட்டியில் பார்த்தால் உண்மை தெரியும். சிலருக்கு ஈரல் நோயால் மண்ணீரல் வீங்கி, சிறுதட்டுகள் அங்கே தேங்கும். ஐ.ரி.பி. நோயில் உடலின் எதிர்ப்புச் சக்தியே அவற்றை அழித்துவிடும். அப்படிப்பட்டவருக்கு வெளியிலிருந்து ஏற்றினாலும் அதிக நேரம் தங்காது. அதனால்தான் ஐ.ரி.பி. உள்ளவருக்கு முதலில் மருந்தைப் பார்க்கிறார்கள்.

அந்த மருந்துகளுக்கும் ஒரு விலை உண்டு. பிரெட்னிசொலோன் மலிவு, பலருக்கு வேலை செய்யும். ஆனால் சீனியையும் பிரஷரையும் ஏற்றும், தூக்கத்தைக் கெடுக்கும், நீண்டகாலம் எடுத்தால் எலும்பைப் பலவீனமாக்கும். இம்யூனோகுளோபுலின் சில நாட்களில் எண்ணிக்கையை ஏற்றும், சில கிழமைகளில் அது திரும்ப இறங்கும். விலையும் அதிகம், தலையிடி வரும், சிலருக்குச் சிறுநீரகத்தைப் பாதிக்கும். எல்ட்ரோம்போபக் மாத்திரையை எடுப்பவர் ஈரலைக் கவனிக்க வேண்டும். பாலோடு குடித்தால் மருந்து உடலில் சரியாகச் சேராது.

"கூடினால் நல்லதுதானே" என்பவர்களுக்கு ஒரு செய்தி. ஈரல் நோயாளிகளுக்கு ஒப்பரேஷன் போன்ற சிகிச்சைகளுக்கு முன் எல்ட்ரோம்போபக் கொடுத்துப் பார்த்த ஒரு பெரிய ஆய்வு 2012இல் வெளியானது. மருந்து எடுத்தவர்களில் 72 வீதமானோருக்குப் பிளேட்லெட் ஏற்றத் தேவைப்படவில்லை. வெற்று மாத்திரை எடுத்தவர்களில் அது 19 வீதம்தான். ஆனாலும் ஆய்வை இடையிலேயே நிறுத்தினார்கள். மருந்து எடுத்தவர்களில் கூடுதலானோருக்கு ஈரலுக்குப் போகும் நாளத்தில் இரத்தம் கட்டியானதே காரணம். ரிப்போர்ட்டில் எண் ஏறியும் ஆபத்து வேறு வாசலால் வந்தது.

அதற்காக மருந்தை ஒதுக்கச் சொல்லவில்லை. இரத்தப்போக்கு உயிரை எடுக்கும். ஒப்பரேஷனுக்காகச் சில கிழமை ஸ்டீரொயிட் எடுப்பதும் வருடக்கணக்கில் எடுப்பதும் ஒன்றல்ல. எந்தப் பக்கவிளைவை, எத்தனை நாளைக்கு, எதற்காகத் தாங்கப் போகிறோம் என்று தெரிந்துகொண்டு எடுப்போம்.

பேராதனைக்கோ கண்டிக்கோ மாவனல்லைக்கோ கிளினிக் போகும்போது ஒரு கடதாசியில் எழுதிக்கொண்டு போங்கள்: என்ன காரணம்? எவ்வளவு தேவை? எந்த மருந்து, எத்தனை நாள்? எனக்குச் சீனி இருக்கிறது, என்ன செய்வது? ஒப்பரேஷனைப் பிற்போட்டால் என்ன நடக்கும்? அஸ்பிரின், டைக்குளோபெனக், நாட்டு மருந்து எது எடுத்தாலும் மறைக்காமல் சொல்லுங்கள். அஸ்பிரினை டொக்டரைக் கேட்காமல் நிறுத்தவும் வேண்டாம்.

நோன்பு காலத்தில் இன்னும் கவனம் தேவை. சில கிழமைகளாக ஸ்டீரொயிட் எடுப்பவர் திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்தாகலாம். நோயாளிக்கு மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. வைத்தியரிடமும் ஆலிமிடமும் கேட்டு முடிவெடுப்போம்.

கடைசியாக, நோயில்லாத நமக்கும் ஒரு கடமை இருக்கிறது. சேமித்த பிளேட்லெட் சாதாரணமாக ஐந்து நாள்தான் தாங்கும். 2014 முதல் இந்த நாட்டில் சேகரிக்கப்படும் இரத்தம் முழுவதும் கூலி வாங்காமல் விரும்பிக் கொடுப்பவர்களுடையது. வருடத்தில் ஒரு நாள் முகாம் வைத்துப் படம் போட்டால் அடுத்த மாத நோயாளிக்கு அது உதவாது. கடுகண்ணாவையைச் சுற்றியுள்ள ஜமாஅத்துகள் மாதம் ஒன்றாக முறை வைத்துக்கொண்டால் வருடம் முழுக்கக் கொடுக்கலாம். இதை உங்கள் பள்ளி நிர்வாகத்திடம் பேசிப் பாருங்கள்.

நோயாளிகள் அனைவருக்கும் அல்லாஹ் பூரண சுகத்தைத் தருவானாக. ஆமீன்.