பாதிப் பதிலோடு அனுப்பாதீர்கள்

மஞ்சள் காமாலை என்றால் கீழாநெல்லி; பத்தியம் இருந்தால் பத்து நாளில் இறங்கிவிடும். தமிழ்நாட்டு வீடுகளில் கல்லீரல் நோயைப் பற்றிய அறிவு பெரும்பாலும் இத்தோடு முடிந்துவிடுகிறது. அது முழுப்பொய்யும் அல்ல. தண்ணீராலும் உணவாலும் பரவும் ஹெபடைட்டிஸ் ஏ, இ இரண்டும் பெரும்பாலோருக்குத் தாமாகவே தீர்ந்துவிடுபவை. பெயரைக் கீழாநெல்லி தட்டிக்கொண்டு போகிறது. 1988இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி.தியாகராஜன் குழுவினர், நோபல் பரிசு பெற்ற புளூம்பெர்க்குடன் சேர்ந்து 'லான்செட்' இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கீழாநெல்லி உட்கொண்ட ஹெபடைட்டிஸ் பி தொற்றாளர்கள் 37 பேரில் 22 பேரிடம் கிருமியின் அடையாளம் மறைந்தது என்றது அது. மருத்துவ உலகம் திரும்பிப் பார்த்தது. பின்னால் மற்றவர்கள் செய்து பார்த்த ஆய்வுகளில் அந்த முடிவு மறுபடி கிடைக்கவில்லை. 'தானாகச் சரியாகிவிடும்' என்ற நம்பிக்கை மட்டும் நம்மிடம் தங்கிவிட்டது. ஹெபடைட்டிஸ் சி விஷயத்தில், அதிலும் எச்.ஐ.வி.யுடன் வாழ்வோர் விஷயத்தில், அந்த நம்பிக்கையை என்ன செய்வது?

1989இல் அடையாளம் காணப்பட்ட ஹெபடைட்டிஸ் சி கிருமி ரத்தத்தின் வழியே பரவுவது. பெரும்பாலோருக்குக் காமாலையைக் காட்டாமலே உள்ளே தங்கிவிடும். ஆனால் இதிலும் இயற்கைக் குணம் உண்டு. தொற்றியவர்களில் சுமார் 30 சதவீதம் பேரின் உடல், மருந்தே இல்லாமல், ஆறு மாதங்களுக்குள் கிருமியைத் துடைத்துவிடுகிறது. பெண்களுக்கு இந்த வாய்ப்பு சற்று அதிகம். ஐ.எல்.28பி என்ற மரபணுவின் குறிப்பிட்ட ஒரு வடிவம் உள்ளவர்களுக்கும் அதிகம் என்பது 2009இல் தெரியவந்தது. எச்.ஐ.வி. ஏற்கெனவே நோய் எதிர்ப்பு அணுக்களைக் குறைத்து வைத்திருந்தால் வாய்ப்பு சுருங்குகிறது; ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கே அது கிட்டுகிறது. மற்ற நால்வருக்குத் தொற்று நாள்பட்டதாகி விடும். எச்.ஐ.வி. கூடவே இருந்தால் கல்லீரல் சுருங்கிச் செயலிழக்கும் ஆபத்து ஏறத்தாழ 3 மடங்கு. எச்.ஐ.வி.க்கான கூட்டு மாத்திரையைத் தவறாமல் விழுங்கினால் கல்லீரலும் காப்பாற்றப்பட்டுவிடும் என்று நினைப்பவர்கள் உண்டு. அதிலுள்ள டெனோஃபோவிர் ஹெபடைட்டிஸ் பி கிருமியை அடக்கும். சி கிருமியைத் தொடாது.

இங்கேதான் பரிசோதனை முறையின் ஓட்டை தெரிகிறது. முதலில் செய்யப்படும் எதிரணு (ஆன்டிபாடி) சோதனை 'இந்தக் கிருமி உங்கள் உடலுக்குள் எப்போதாவது வந்ததா?' என்று மட்டுமே கேட்கிறது. தானாகக் குணமான பிறகும் எதிரணு ஆண்டுக்கணக்கில் ரத்தத்தில் இருக்கும். ஆகவே குணமானவரும் கிருமியைச் சுமப்பவரும் ஒரே 'பாசிட்டிவ்' சீட்டோடு வெளியே வருகிறார்கள். இருவரையும் பிரித்துச் சொல்வது கிருமியின் ஆர்.என்.ஏ.வைத் தேடும் இரண்டாவது சோதனைதான். இயற்கைக் குணத்தைப் பற்றி இவ்வளவு பேசும் நாம், குணமானவரிடம் 'உங்களுக்குச் சரியாகிவிட்டது' என்று சொல்லக்கூட வழி வைக்கவில்லை என்றால் அது என்ன நியாயம்? ஏற்கெனவே ஒரு முத்திரையோடு வாழ்பவர் மேல் தேவையில்லாமல் இரண்டாவது முத்திரையும் விழுகிறது. எதிரணு இருந்தால், எடுத்த அதே ரத்தத்திலேயே ஆர்.என்.ஏ. சோதனையும் நடக்க வேண்டும். கிருமி இருந்தால் சிகிச்சை, எச்.ஐ.வி.க்கு மருந்து தரும் அதே ஏ.ஆர்.டி. மையத்தில் தொடங்க வேண்டும். சேலம், நாமக்கல் மாவட்டங்கள் இதற்கு முன்மாதிரி ஆகலாம் என்பது நம் கருத்து.

இங்கே ஹெபடைட்டிஸ் சி அபூர்வம்தானே என்பார்கள். ஓரளவு உண்மை. 1986இல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமன், அவருடைய மாணவி நிர்மலா ஆகியோர் வழியாக நாட்டின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகள் வெளிப்பட்ட பிறகு, லாரித் தொழிலின் தலைநகரான நாமக்கல் நெடுங்காலம் மிக அதிகத் தொற்றுள்ள மாவட்டங்களின் பட்டியலில் இருந்தது. இங்கே அது பாலுறவு வழியே பரவியது. ஹெபடைட்டிஸ் சி அந்த வழியில் எளிதில் பரவாது. மணிப்பூரிலும் பஞ்சாபிலும் போதை ஊசி செய்ததை நம் நெடுஞ்சாலைகள் செய்யவில்லை. ஆனால் அந்தக் கணக்கு மாறிக்கொண்டிருக்கிறது. வலி நிவாரணி மாத்திரையைத் தண்ணீரில் கரைத்து ஊசியில் ஏற்றும் இளைஞர்களையும் அதை விற்பவர்களையும் பற்றிய செய்திகள் இன்று மேற்கு மாவட்டங்களிலிருந்தும் வருகின்றன. ஓர் ஊசி நாலு கைக்குப் போனால் என்ன ஆகும் என்பதற்குச் சென்னையிலேயே சான்று உண்டு: அங்கே ஊசிப் போதைப் பழக்கம் உள்ளவர்களிடம் நடந்த ஆய்வில் பாதிக்கு மேற்பட்டோரிடம் ஹெபடைட்டிஸ் சி எதிரணு இருந்தது. தொற்று குறைவு என்பது சோதிக்காமல் இருக்கக் காரணம் ஆகாது. எதிரணுச் சோதனை மலிவானது. அடுத்த சோதனை தேவைப்படுவோர் சிலரே என்றால் செலவும் சிறிதுதான்.

ஐந்தில் ஒருவருக்குத் தானாகத் தீரும் என்றால் பொறுத்துப் பார்க்கலாமே என்பது இன்னொரு வாதம். பழைய மருந்தான இன்டர்ஃபெரான் காலத்தில் இது நல்ல வாதமாகவே இருந்தது. 48 வாரம் ஊசி, காய்ச்சல், மனச்சோர்வு, ரத்தசோகை. அத்தனையும் தாங்கிய எச்.ஐ.வி. நோயாளிகளில் 40 சதவீதம் பேருக்கே குணம் கிடைத்ததாக 2004இல் வெளியான பன்னாட்டு ஆய்வு காட்டியது. அந்த வேதனையிலிருந்து சிலரையாவது காப்பாற்றக் காத்திருப்பதில் பொருள் இருந்தது. 2015இல் வெளியான ஆய்வில், இதற்கு முன் சிகிச்சை பெறாத எச்.ஐ.வி. நோயாளிகளுக்கு சோஃபோஸ்புவிர், டக்ளடஸ்விர் மாத்திரைகள் 12 வாரம் கொடுத்ததில் 97 சதவீதம் பேர் குணமடைந்தார்கள். அதே ஆண்டு இந்திய நிறுவனங்கள் இம்மருந்துகளை மலிவாக விற்கத் தொடங்கின. 2018 ஜூலை 28 முதல் தேசிய வைரல் ஹெபடைட்டிஸ் கட்டுப்பாட்டுத் திட்டம் சோதனையையும் மருந்தையும் இலவசமாக்கியது. எஃபாவிரென்ஸ் என்ற எச்.ஐ.வி. மருந்தை எடுத்தவர்களுக்கு டக்ளடஸ்விர் அளவைக் கூட்ட வேண்டியிருந்த சிக்கலும், ஏ.ஆர்.டி. மையங்கள் டோலுடெக்ராவிருக்கு மாறியதால் பெரிதும் தீர்ந்துவிட்டது. மேலும், காத்திருப்பவர் அந்த மாதங்களில் பிறருக்குப் பரப்பக்கூடியவர். தவிர, தொற்று எப்போது நுழைந்தது என்று தெரிந்தவர் யார்? கண்டுபிடிக்கப்படும்போது பெரும்பாலோருக்கு அந்த ஆறு மாதம் எப்போதோ கடந்திருக்கும். அதன்பிறகு தானாகத் தீர்வது அரிது.

ஊசிப் பழக்கம் உள்ளவருக்கு மறுபடி தொற்றும், அவருக்கு ஏன் அரசு மருந்து என்ற முணுமுணுப்பும் உண்டு. மறுதொற்று வருவது உண்மை. இயற்கையாகக் குணமானவருக்கும் காப்புறுதி கிடையாது. அதற்கு விடை புது ஊசி வழங்குவதும், பழக்கத்தை விடுவிக்கும் புப்ரெனார்ஃபின் சிகிச்சையும். மருந்தை மறுத்தால் அதே கிருமி அடுத்தவர் கைக்குத்தான் போகும்.

இனி நடைமுறை. மேட்டூரிலிருந்து சேலம் சுமார் 50 கிலோமீட்டர். அனல்மின் நிலையத்தின் ஒப்பந்தத் தொழிலாளிக்கோ கொளத்தூர்ப் பக்கத்து விவசாயக் கூலிக்கோ அது ஒரு நாள் சம்பளம். வேறு ஆஸ்பத்திரிக்கு, வேறு பிரிவுக்கு, வேறு வரிசைக்குச் சீட்டு எழுதி அனுப்பினால் பலர் போகமாட்டார்கள். போகும் இடத்திலெல்லாம் ஏன் இந்தச் சோதனை என்று விளக்க வேண்டியிருப்பதும், 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டம் காக்கச் சொல்லும் ரகசியத்தைக் கரைத்துவிடும். காசநோய்க்காக அரசு மருத்துவமனைகளுக்கு வந்திருக்கும் ட்ரூநாட், சிபிநாட் கருவிகள் ஹெபடைட்டிஸ் சி ஆர்.என்.ஏ.வையும் பார்க்கக் கூடியவை. சிப்பும் கார்ட்ரிட்ஜும் மட்டும் வேறு. கொள்முதல் பட்டியலில் அவற்றைச் சேர்ப்பதும், கருவியின் நேரத்தைக் காசநோய்ப் பிரிவோடு பங்கிட்டுக்கொள்வதும் மாவட்ட அளவிலேயே பேசி முடிக்கக்கூடிய காரியங்கள். எச்.ஐ.வி. கிருமி அளவைப் பார்க்க ஆண்டுக்கொரு முறை எப்படியும் ரத்தம் எடுக்கிறார்கள். கூட ஒரு குழாய் எடுத்தால் போதும். கருவி இல்லாத இடத்திலிருந்து அந்தக் குழாய் சேலத்துக்குப் பேருந்து ஏறட்டும், நோயாளி ஏற வேண்டாம். அடுத்த முறை மாத்திரை வாங்க வரும்போது, கிருமி இருக்கிறதா போய்விட்டதா என்ற விடை அவருக்காக மேசையில் காத்திருக்க வேண்டும்.