தாயின் உழைப்புக்கு விலை உண்டா?

நன்றி மறந்த பிள்ளை என்றதும் நம் கண்முன் வருபவன் யார்? பெற்றவளை வீட்டை விட்டுத் துரத்துபவன். கஞ்சிக்கும் வழியின்றி அவளைத் தெருவில் நிறுத்துபவன். அப்படிப்பட்டவனைப் படத்தில் பார்த்தால் நாம் கண்ணீர் விடுகிறோம். 'நாம் ஒருநாளும் அப்படிச் செய்யமாட்டோம்' என்ற நிம்மதியோடு எழுந்து வருகிறோம். அந்த நிம்மதியைக் கெடுக்கும் படம் ஒன்று உண்டு. 1953-ஆம் ஆண்டு வெளிவந்த 'சோ பிக்' என்னும் ஹாலிவுட் திரைப்படமே அது.

எட்னா ஃபெர்பர் என்ற அமெரிக்க எழுத்தாளர் 1924-இல் எழுதி, மறு ஆண்டே புலிட்சர் பரிசு பெற்ற நாவல் இதன் மூலக்கதை. நமக்கெல்லாம் பிடித்த 'சவுண்ட் ஆஃப் மியூசிக்' படத்தை 1965-இல் தந்த ராபர்ட் வைஸ்தான் இதையும் இயக்கினார். தாய் செலினாவாக ஜேன் வைமன் நடித்துள்ளார்.

வசதியாக வளர்ந்த செலினா, தந்தை இறந்ததும் கையில் காசில்லாமல் நிற்கிறாள். சிகாகோ நகருக்கு வெளியே, டச்சுக்காரர்கள் காய்கறி பயிரிடும் ஓர் ஊருக்கு ஆசிரியையாகப் போகிறாள். முட்டைக்கோசு வயலை அழகு என்று சொன்னதற்காக அவளைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். அங்கேயே ஓர் ஏழை விவசாயியை மணக்கிறாள். அவரும் இறந்துபோக, சிறுவன் டர்க்கை வண்டியில் ஏற்றிக்கொண்டு தானே சந்தைக்குப் போகிறாள். பெண்ணொருத்தி தனியே சந்தைக்குப் போவது அந்நாளில் அவ்வூரில் இல்லாத வழக்கம். ஆயினும் அவள் சோர்ந்துவிடவில்லை. நிலத்தைத் திருத்தி, நல்ல விலைக்குப் போகும் அஸ்பாரகஸ் பயிரிட்டு, மகனைக் கட்டடக் கலை படிக்க வைக்கிறாள். குழந்தையாய் இருந்தபோது 'நீ எவ்வளவு பெரியவன்?' என்று கேட்டால், கைகளை விரித்து 'இவ்வளவு பெரியவன்' என்று காட்டிய பிள்ளை அவன். அந்தச் செல்லப் பெயரே படத்தின் பெயர்.

வளர்ந்த மகன் என்ன செய்தான்? கட்டட வரைபடம் போடும் வேலையில் சேர்ந்தான். சம்பளம் குறைவு, முன்னேற்றமோ மெதுவு. பொறுமையிழந்து அதை விட்டுவிட்டு, பணம் கொழிக்கும் வியாபார உத்தியோகத்துக்குப் போய்விட்டான்.

இவன் நன்றி கெட்டவனா? அவன் தாயை ஏசவில்லை, பட்டினி போடவில்லை. நல்ல சம்பளம் வாங்குவது குற்றமா? தாய் விரும்பிய தொழிலைத்தான் மகன் செய்ய வேண்டுமா? இக்கேள்விகள் நியாயமானவையே. தியாகம் செய்தோம் என்பதற்காகப் பிள்ளையின் வாழ்வைத் தம் விருப்பப்படி வளைக்கப் பெற்றோருக்கு உரிமையில்லை என்பதே நம் கருத்தும்.

ஆனால் கட்டடம் படைக்கும் ஆசை டர்க்கின் சொந்த ஆசை. அந்த ஆசை வாடாமல் இருக்கவே செலினாவின் கைகள் காய்த்துப்போயின. தனக்கென்று அவள் பட்டாடையும் கேட்கவில்லை, மாளிகையும் கேட்கவில்லை. பல ஆண்டு உழைப்பால் அவள் வாங்கித் தந்த வாய்ப்பை, சில ஆண்டுப் பொறுமை இல்லாமல் அவன் விற்றுவிட்டான். நன்றி மறத்தல் இதுவும்தான் என்கிறோம் நாம்.

ரோல்ஃபைப் பாருங்கள். செலினா ஆசிரியையாகத் தங்கியிருந்த வீட்டுப் பையன் அவன். அவளிடம் அவன் கற்றது சிறிது காலம் படிப்பும் பியானோவும் மட்டுமே. பின்னாளில் புகழ்பெற்ற இசைக்கலைஞனாகி ஐரோப்பாவிலிருந்து திரும்பியவன், அவளைத் தேடிப் பண்ணைக்கே வருகிறான். சிறிது பெற்றவன் நினைவில் வைத்தான். எல்லாம் பெற்றவன் மறந்தான்!

ஏன் இப்படி? நாள்தோறும் கிடைப்பது கண்ணில் படுவதில்லை. ஒருநாள் பேனா இரவல் தந்த தோழிக்கு 'தேங்க்ஸ்' சொல்லும் நாம், பத்தாண்டுகளாகச் சோறு கட்டித் தரும் அம்மாவுக்கு ஒருநாளாவது சொல்லியிருக்கிறோமா?

பத்தாம் வகுப்பு மாணவியராகிய நாம், மேல்நிலை வகுப்பில் எந்தப் பிரிவில் சேர்வது என்று முடிவுசெய்யும் வேளை இது. எந்தப் படிப்புக்கு எத்தனை ஆயிரம் சம்பளம் என்று விசாரிக்காத உறவினர் இல்லை. பெற்றோரிடம் நாங்கள் பணிவோடு வேண்டுவது ஒன்று: என்ன வேலை செய்ய உனக்கு ஆசை என்றும் எங்களைக் கேளுங்கள். தோழியரே, நமக்கும் ஒரு கடமை உண்டு. ஆசைப்பட்டு எடுத்த பாதையில் முதல் சில ஆண்டுகள் மெதுவாகத்தான் நகரும். அப்போது பின்வாங்காமல் இருப்போம். பெற்றோர் செலவழித்த பணத்தை என்றாவது திருப்பித் தந்துவிடலாம். அவர்கள் செலவழித்த வயதை எந்தச் சம்பளத்தால் திருப்பித் தர முடியும்? நாம் எடுத்த வேலையை நன்றாகச் செய்து காட்டுவதே அதற்குச் செலுத்தும் நன்றி.