அடுத்த படத்துக்கு யார் பணம் தருவார்?

புர்கினா பாசோவின் தலைநகர் வாகாடூகுவில் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடக்கும் ஃபெஸ்பாகோ, ஆப்பிரிக்கத் திரைப்படங்களுக்கான மிக முக்கியமான விழா. அதன் தலையாய விருது 'யென்னெங்காவின் தங்கக் குதிரை'. யென்னெங்கா, மோசி மக்களின் ஆதித்தாய். தந்தைக்காகக் குதிரையேறிப் போரிட்டவள். தன்னை மணமுடிக்க விடாத அதே தந்தையிடமிருந்து குதிரையிலேயே தப்பிப் போனவள் என்பது ஐதீகம். 1969இல் முதல் விழாவை நடத்திய குழுவுக்குத் தலைமை ஏற்றவரும் அலிமாத்தா சலம்பெரே என்ற பெண்தான். 1972 முதல் கொடுக்கப்பட்டுவரும் இந்தத் தங்கக் குதிரை 2025 வரை ஒருமுறைகூட ஒரு பெண் இயக்குநரின் கைக்குப் போகவில்லை. 2023இல் 'சிரா' படத்துக்காக அப்போலின் திராவோரே வெள்ளிக் குதிரை வரை வந்தார்.

நடுவர் குழுக்களைக் கேள்வி கேட்க வேண்டியதுதான். ஆனால், போட்டிக்கு வந்த படங்களை மட்டும் வைத்துப் பார்த்தால் சிக்கலின் வேர் தெரியாது. எடுக்கப்படாமலே போன படங்களையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஆப்பிரிக்கப் பெண் படைப்பாளிகளைப் பற்றிய கட்டுரைகள் பெரும்பாலும் 'முதல் பெண்' என்றுதான் தொடங்குகின்றன. 1975இல் ஒரு முதல் பெண், 1996இல் ஒரு முதல் பெண், 2019இல் இன்னொரு முதல் பெண். அந்தக் கொண்டாட்டத்தில் தவறில்லை. அரை நூற்றாண்டு கழிந்தும் முதல் பெண்களையே எண்ணிக்கொண்டிருக்கிறோமே, அவர்களுடைய அடுத்த படங்கள் என்னவாயின? திறமைக்கும் துணிவுக்கும் அங்கே என்றுமே பஞ்சம் இருந்ததில்லை. பணம் எங்கிருந்து வருகிறது, படச்சுருள் யாரிடம் போய்ச் சேருகிறது என்ற இரண்டு கேள்விகளில்தான் விடை இருக்கிறது.

கேமரூனைச் சேர்ந்த பத்திரிகையாளர் தெரேஸ் சீட்டா-பெல்லா 1963இல் 'பாரிஸில் தாம்-தாம்' என்ற அரை மணி நேர ஆவணப்படத்தை எடுத்தார். கேமரூனின் தேசிய நடனக் குழு பாரிஸுக்குச் சென்றதைப் பற்றிய படம் அது. முதல் வாகாடூகு விழாவில் திரையிடப்பட்டது. அவர் எடுத்த ஒரே படமும் அதுதான்.

அந்தக் காலத்தின் சூழலைச் சற்று நினைத்துப் பார்க்க வேண்டும். 1934இல் பிரான்ஸ் பிறப்பித்த லவால் ஆணைப்படி, அதன் ஆப்பிரிக்கக் காலனிகளில் அரசு அனுமதி இல்லாமல் யாரும் படம் எடுக்க முடியாதிருந்தது. பாலன் வியெரா முதலான ஆப்பிரிக்க மாணவர்கள் 1955இல் எடுத்த படத்தைப் பாரிஸ் தெருக்களில்தான் எடுக்க வேண்டியிருந்தது. நாடுகள் விடுதலை அடைந்த பிறகு பிரெஞ்சு அரசே ஒரு திரைப்பட அலுவலகம் திறந்து ஆப்பிரிக்க இயக்குநர்களுக்குப் பணமும் தொழில்நுட்ப உதவியும் கொடுத்தது. அந்த உதவி இல்லாவிட்டால் அன்றைய படங்களில் பல பிறந்தே இருக்காது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் உதவியோடு உரிமையும் கைமாறியது. படத்தொகுப்பு பாரிஸில், நெகட்டிவ் பாரிஸில், பிரதிகளும் அங்கேயே. எடுத்தவரின் ஊரில் அந்தப் படத்தைப் பார்க்கத் திரையரங்கும் இல்லை, பிரதியும் இல்லை.

இந்த ஏற்பாட்டுக்குள் நின்று வேலை செய்தவர் செனகலின் சஃபி ஃபாய். டாக்காரில் பள்ளி ஆசிரியையாக இருந்தவர், செரெர் இனத்தவர். 1966இல் டாக்காரில் நடந்த கறுப்பினக் கலை விழாவில் பிரெஞ்சு இயக்குநர் ழான் ரூஷைச் சந்தித்தார், பிறகு அவருடைய படம் ஒன்றில் நடித்தார். பாரிஸுக்குப் போய் இனவரைவியலும் திரைப்படமும் படித்தார். ரூஷ் போன்றவர்கள் ஆப்பிரிக்கர்களைப் பற்றிப் படம் எடுத்துக்கொண்டிருந்த அதே முறையைக் கற்றுக்கொண்டு, கேமராவோடு தன் சொந்தக் குடும்பத்தின் ஊருக்கே திரும்பி வந்ததுதான் அவர் செய்த பெரிய காரியம்.

1975இல் வந்த 'கத்து பெய்கத்' ஒரு கடிதத்தின் வடிவில் ஓடுகிறது. கடிதத்தை வாசிக்கும் குரல் ஃபாயுடையது. இங்கோர் என்ற இளைஞன் கூம்பா என்ற பெண்ணை மணக்க விரும்புகிறான். மழை பொய்த்து நிலக்கடலை விளைச்சல் போய்விடுகிறது. பரிசப் பணம் சேர்க்க டாக்காருக்கு வேலை தேடிப் போகிறான். கதை இவ்வளவுதான். படத்தின் உயிர் மரத்தடியில் உட்கார்ந்து பேசும் ஊர்க்காரர்களிடம் இருக்கிறது. பிரெஞ்சு எண்ணெய் ஆலைகளுக்காகக் காலனி ஆட்சி திணித்த கடலைச் சாகுபடியை விடுதலைக்குப் பின்னும் அரசு ஏன் தொடர்கிறது, கடன் ஏன் தீரவில்லை, வரி ஏன் குறையவில்லை என்று அவர்கள் தங்கள் மொழியில், தங்கள் நிதானத்தில் பேசுகிறார்கள். நடிகர்கள் என்று யாரும் இல்லை. ஃபாயின் தாத்தாவும் அதில் இருக்கிறார். படப்பிடிப்பு முடிந்த சில நாள்களில் அவர் இறந்துபோனார். சகாராவுக்குத் தெற்கே ஓர் ஆப்பிரிக்கப் பெண் எடுத்து வணிக முறையில் வெளியான முதல் முழுநீளப் படம் இது. பெர்லினில் விமர்சகர் விருது பெற்றது. செனகலிலோ தடை செய்யப்பட்டது. யாருடைய குரல் அதில் ஒலித்ததோ அந்த விவசாயிகளின் நாட்டிலேயே அதைக் காட்ட முடியவில்லை.

1979இல் 'ஃபட்ஜால்' வந்தது. அடுத்த கதைப்படமான 'மொஸானே'யை 1990இல் படமாக்கினார். தயாரிப்புத் தரப்போடு ஏற்பட்ட சட்டத் தகராறில் அது ஆண்டுக்கணக்கில் முடங்கி, 1996இல்தான் வெளிவந்தது. இரண்டு முழுநீளப் படங்களுக்கு நடுவே 17 ஆண்டுகள். அதற்குப் பிறகு 2023இல் பாரிஸில் இறக்கும் வரை அவர் வேறு படம் எடுக்கவில்லை.

ஆண்களும் காத்திருக்கத்தானே செய்தார்கள் என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. அதே செனகலின் ஜிப்ரில் தியோப் மம்பெத்தியின் 'தூக்கி பூக்கி'க்கும் 'ஹயேன்'னுக்கும் இடையே 19 ஆண்டுகள். வறுமை எல்லோருக்கும் பொதுவாகத்தான் இருந்தது. ஆனால் அந்த நாட்டின் இன்னோர் இயக்குநரான உஸ்மான் செம்பேன் 1971, 1975, 1977 என்று அடுத்தடுத்துப் படம் எடுத்த காலமும் அதுவே. அப்படி ஒரு தொடர்ச்சி அந்தத் தலைமுறையின் பெண் ஒருவருக்கும் செனகலில் அமையவில்லை. மற்ற நாடுகளிலும் இதே நிலைதான். தன் தாய்வழி ஊரான ஷெனுவா மலைப்பகுதிப் பெண்களின் போர்க்கால நினைவுகளைப் படமாக்கி 1979இல் வெனிஸில் விமர்சகர் விருது வாங்கிய அல்ஜீரியாவின் ஆசியா ஜெபார், இரண்டு படங்களோடு எழுத்துக்குத் திரும்பிவிட்டார். ஜிம்பாப்வேயின் ட்ஸிட்ஸி டங்கரெம்பா 1996இல் 'எவ்ரிஒன்'ஸ் சைல்டு' எடுத்தார், 2002இல் ஹராரேயில் பெண்களுக்கென ஒரு திரைப்பட விழாவையே தொடங்கினார். ஆனால் திரைப்படத்தில் அவருக்கும் செம்பேனுக்குக் கிடைத்த தொடர்ச்சி அமையவில்லை. நாவலுக்குத் தாளும் நேரமும் போதும் என்பதால் நாவலாசிரியராக அவர் நிலைத்தார்; 2020இல் புக்கர் இறுதிப் பட்டியலிலும் இடம்பெற்றார்.

புகைப்படத்தின் வரலாறு வேறு மாதிரி இருக்கிறது. அதிலிருந்து கற்க நிறைய உண்டு. கானாவின் முதல் பெண் தொழில்முறைப் புகைப்படக்காரர் ஃபெலிசியா அபன், தன் தந்தையிடமே தொழில் பழகியவர். 1955இல், நாடு விடுதலை பெறுவதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு, அக்ராவின் ஜேம்ஸ்டவுன் பகுதியில் சொந்தமாக ஸ்டூடியோ திறந்தார். விடுதலைத் தலைவர் குவாமே இன்க்ருமாவின் கட்சிக்காக இயங்கிய அச்சகத்துக்கும் படம் எடுத்துக் கொடுத்தார். விருந்துக்கோ விழாவுக்கோ புறப்படும்போது, உடுத்திய கோலத்தில் முதலில் தன்னையே ஒரு படம் எடுத்துக்கொள்வார். அந்தப் படங்கள் அவருடைய கடைக்கு விளம்பரமாகவும் இருந்தன. நேராகக் கேமராவைப் பார்க்கும் அந்தப் பெண்ணின் கண்களில் ஒரு தொழிலாளியின் நிச்சயம் தெரிகிறது. 2019இல் வெனிஸ் பியென்னாலேயில் கானா முதன்முறையாக அரங்கு அமைத்தபோதுதான் உலகக் கலைச் சந்தை அவரைக் கவனித்தது. அப்போது அவருக்கு வயது 80ஐத் தாண்டிவிட்டது. 2024 ஜனவரியில் மறைந்தார்.

அவரைத் தாமதமாகக் கண்டுகொண்டார்களே என்று வருந்துகிறோம். எனக்கு வேறொன்று முக்கியமாகப் படுகிறது. அந்தக் கவனிப்பு வராத காலத்திலும் அவர் வேலை செய்துகொண்டே இருந்தார். படத்துக்குப் பணம் கொடுத்தவர்கள் அதே தெருவில் நடப்பவர்கள். கல்யாணமோ பெயர்சூட்டு விழாவோ பணி உயர்வோ வந்தால் அபனின் ஸ்டூடியோவுக்குத்தான் வருவார்கள். பாரிஸில் உள்ள எந்த அதிகாரிக்கும் அவர் விண்ணப்பம் எழுத வேண்டியிருக்கவில்லை.

இன்றைய நைஜீரியாவின் ஃபுங்கே அகின்டெலேயிடம் இதே வழியைக் காண்கிறேன். 'ஜெனிஃபா' என்ற ஒரு பாத்திரத்தை வைத்துப் படம், தொடர் என்று ஆண்டுக்கணக்கில் தன் பார்வையாளர்களைச் சேர்த்தார். 2023 டிசம்பரில் வெளியான அவருடைய 'எ ட்ரைப் கால்டு ஜூடா', நைஜீரியத் திரையரங்குகளில் 100 கோடி நைரா வசூலித்த முதல் உள்நாட்டுப் படமாயிற்று. நைராவின் மதிப்பு சரிந்திருந்த நேரம் அது. டாலரில் பார்த்தால் பெரிய தொகை இல்லை. ஆனால் அடுத்த ஆண்டே அடுத்த படம் வந்தது. சஃபி ஃபாய்க்குக் கிடைக்காதது அதுதான்.

சந்தையிடம் விட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. நகைச்சுவைக்கும் குடும்பக் கதைக்கும் கூட்டம் வரும். கடலை விவசாயிகள் மரத்தடியில் பேசும் படத்துக்கு வராது. யுனெஸ்கோவின் 2021 அறிக்கைப்படி ஆப்பிரிக்காவில் ஏறத்தாழ 7,87,000 பேருக்கு ஒரு திரைதான் இருக்கிறது. அந்த ஒன்றையும் அரசு மூட முடியும். கென்யாவின் வனூரி கஹியு எடுத்த 'ரஃபிகி', இரண்டு இளம்பெண்களின் காதலைச் சொல்வது. 2018இல் கான் விழாவுக்குத் தேர்வான முதல் கென்யப் படம். முடிவு நம்பிக்கை தருவதாக இருக்கிறது, மாற்றுங்கள் என்றது தணிக்கை வாரியம். அவர் மறுத்தார், படம் தடை செய்யப்பட்டது. ஆஸ்கர் போட்டித் தகுதிக்காக நீதிமன்றம் அந்த செப்டம்பரில் 7 நாள்கள் மட்டும் தடையை நீக்கியது. நைரோபியில் காட்சிகள் நிரம்பி வழிந்தன. பார்வையாளர்கள் இல்லை என்று இனி யாரும் சொல்ல முடியாது.

புகைப்படத்துக்கு அந்தத் திரையும் தேவையில்லை. நைஜீரியாவின் மைடுகுரி நகரம் என்றாலே போகோ ஹராம், குண்டுவெடிப்பு, அகதி முகாம் என்றுதான் வெளிநாட்டுப் படங்கள் காட்டிக்கொண்டிருந்தன. அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த ஃபாத்தி அபுபக்கர், 2015இல் இன்ஸ்டகிராமில் 'பிட்ஸ் ஆஃப் போர்னோ' என்ற பக்கத்தைத் தொடங்கினார். கடைக்காரர், தையல்காரர், பள்ளிக்குப் போகும் பிள்ளை, மணப்பெண் என்று போருக்கு நடுவே ஓடிக்கொண்டிருந்த வாழ்க்கையைப் பதிவு செய்தார். போரை அவர் மறைக்கவில்லை. கணவனை இழந்தவர்களின் கதையும் அங்கே இருக்கிறது. ஆனால் அங்குள்ளவர்களுக்குப் பெயரும் தொழிலும் பேச்சும் உண்டு. எத்தியோப்பியாவின் ஆயிடா முலுனே வெளிநாடுகளில் வளர்ந்து, தாய்நாடு திரும்பி, 2010இல் அடிஸ் அபாபாவில் ஒரு பன்னாட்டுப் புகைப்பட விழாவைத் தொடங்கினார். பஞ்சப் படங்களால் மட்டுமே உலகம் அறிந்த நாட்டில் இது சாதாரண வேலை இல்லை.

படங்களை யார் காக்கிறார்கள் என்ற கேள்விக்கு எனக்குத் தெரிந்த மிக அழகான பதில் தென்னாப்பிரிக்காவின் லெபோஹாங் க்கான்யேயுடையது. தாய் இறந்த பிறகு, அவருடைய இளமைக் காலப் படங்களைக் குடும்ப ஆல்பத்தில் தேடினார். தாய் அணிந்த அதே உடைகளை அணிந்து, அதே இடங்களுக்குப் போய், அதே நிலையில் நின்று தன்னைப் படம் எடுத்தார். இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்றாகச் சேர்த்தார். தாயும் மகளும் ஒரே சட்டத்துக்குள் நிற்கிறார்கள், ஒருவர் மற்றவரின் நிழல்போல. நிறவெறி ஆட்சிக் காலத்தின் ஒரு சாதாரணக் கறுப்பினக் குடும்பத்தின் ஆல்பம் இப்படி வரலாற்று ஆவணமாயிற்று. 2024இல் டாய்ச்ச பொர்ஸ புகைப்பட விருது அவருக்குக் கிடைத்தது. அந்த ஆல்பம் மட்டும் வீட்டில் இருந்திராவிட்டால் இந்தக் கலை பிறந்திருக்காது. திரைப்படங்களும் அப்படித் தங்கள் ஊரில் இருக்க வேண்டும். சஃபி ஃபாயின் 'ஃபட்ஜால்' புதுப்பிக்கப்பட்டு 2018இல் கான் நகரில் திரையிடப்பட்டது, நல்ல செய்திதான். ஆனால் புதுப்பித்த பிரதியை, படத்துக்குப் பெயர் கொடுத்த அந்தச் செனகல் கிராமத்தில் ஒரு வெள்ளைத் துணி கட்டித் திரையிடும் பொறுப்பையும் ஒப்பந்தத்திலேயே எழுதிவைக்க வேண்டும். ஒவ்வொரு புதுப்பித்தலுக்கும் இதை நிபந்தனையாக்கலாம். பெரிய செலவும் இல்லை.

பணத்தைப் பொறுத்தவரை, செனகல் 2014இல் தன் சொந்தத் திரைப்பட நிதியை இயக்கத் தொடங்கியது. வழி அதுதான். ஆனால் இத்தகைய நிதிகளும் ஐரோப்பிய நிதிகளும் அறிமுக இயக்குநர்களைத் தேடிப் பிடிப்பதில் காட்டும் ஆர்வத்தை, ஏற்கெனவே ஒரு படம் எடுத்துவிட்ட பெண்களிடம் காட்டுவதில்லை. ஒதுக்கீட்டில் ஒரு பங்கை இரண்டாம், மூன்றாம் படங்களுக்கென்றே பிரித்து வைக்க வேண்டும். சாம்பியாவில் பிறந்த ருங்கானோ நியோனியின் 'ஐ ஆம் நாட் எ விட்ச்' 2017இல் வந்தது. இரண்டாவது படமான 'ஆன் பிகமிங் எ கினி ஃபவுல்' 2024இல் வந்து, கான் விழாவின் 'அன் செர்ட்டன் ரிகார்டு' பிரிவில் சிறந்த இயக்குநர் விருது பெற்றது. இடையில் 7 ஆண்டுகள். பணத்தின் பெரும்பகுதி பிரிட்டன், அயர்லாந்து, அமெரிக்கா ஆகிய நாடுகளிலிருந்து வந்தது. மூன்றாவது படத்துக்கான பணத்தில் ஒரு பங்காவது லுசாகாவிலிருந்து வர வேண்டும். 7 ஆண்டுகள் ஆவதற்குள் வர வேண்டும்.