ஜோ காக்கரின் இரண்டாவது இன்னிங்ஸ்

'சாஃப்ட் ராக்' என்று சொன்னாலே முகத்தைச் சுளிக்கிற ஒரு கோஷ்டி எங்கள் வகுப்பில் இருக்கிறது. அவர்களுக்கு கிடார் கதற வேண்டும், டிரம்ஸ் உடைய வேண்டும். அந்தக் கோஷ்டி கும்பிடுகிற சாமிகளில் ஒருவர் ஜோ காக்கர். அதாவது, 1969 ஆகஸ்டில் வுட்ஸ்டாக் மேடையில், கை இரண்டும் தன் பேச்சைக் கேட்காதது போல் ஆட, பீட்டில்ஸ் பாட்டைத் தொண்டை கிழியப் பாடிய காக்கர். அதே ஆள் 1982-ல் பாடிய 'அப் வேர் வீ பிலாங்' பற்றிக் கேட்டுப் பாருங்கள். "அது காசுக்குப் பாடினது மச்சி" என்று ஒரே வரியில் தள்ளிவிடுவார்கள். எனக்கு இதில் சுத்தமாக உடன்பாடு இல்லை.

முதலில் ஆளைப் பற்றி. இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் 1944-ல் பிறந்தவர். பகலில் காஸ் குழாய் பொருத்தும் வேலை, ராத்திரியில் பப்களில் பாட்டு. 1968-ல் 'வித் எ லிட்டில் ஹெல்ப் ஃப்ரம் மை ஃப்ரெண்ட்ஸ்' பிரிட்டனில் முதலிடம். அடுத்த வருடம் வுட்ஸ்டாக். 1970-ல் 'மேட் டாக்ஸ் அண்ட் இங்கிலிஷ்மென்' என்ற பெயரில் ஒரு பெரிய பட்டாளத்தையே கூட்டிக்கொண்டு அமெரிக்கா முழுக்கச் சுற்றினார். நல்ல பெயர்தான். ஆனால் அது முடிந்தபோது ஆள் உடைந்து போயிருந்தார். குடி, ஹெராயின்... 1972-ல் ஆஸ்திரேலியாவில் கஞ்சா வழக்கில் கைது வேறு. குடித்துவிட்டு மேடையிலேயே வாந்தி எடுத்தார் என்பதெல்லாம் அவரைப் பற்றிய செய்தியாக வந்துகொண்டிருந்த காலம். நடுவில் 1975-ல் 'யூ ஆர் சோ பியூட்டிஃபுல்' அமெரிக்காவில் 5-ஆம் இடம் வரை ஏறியது. அதற்குப் பிறகு பெரிதாக ஒன்றுமில்லை. 1976-ல் 'சாட்டர்டே நைட் லைவ்' நிகழ்ச்சியில் ஜான் பெலுஷி அவர் பக்கத்திலேயே நின்று அவரைப் போலவே ஆடிப் பாடிக் காட்டினார். காமெடிதான், நானும் பார்த்துச் சிரித்தேன். ஆனால் முப்பத்திரண்டு வயதில் ஒரு பாடகன் தன்னுடைய நகலுக்குப் பக்கத்தில் நின்று பாட வேண்டியிருந்தது என்று யோசித்தால் சிரிப்பு கொஞ்சம் அடங்கிவிடுகிறது.

இப்படிப்பட்ட ஆளிடம்தான் 'ஆன் ஆஃபீசர் அண்ட் எ ஜென்டில்மேன்' படத்தின் பாட்டு வருகிறது. இயக்குநர் டெய்லர் ஹாக்ஃபோர்ட். மெட்டு ஜாக் நிட்ஷேயும் பஃபி செயின்ட் மேரியும். வரிகள் வில் ஜென்னிங்ஸ். கூடப் பாடியவர் ஜெனிஃபர் வார்ன்ஸ். பாரமவுண்டில் பெரிய பொறுப்பில் இருந்த டான் சிம்ப்சனுக்குப் பாட்டு பிடிக்கவே இல்லை, ஓடாது, தூக்கிவிடுங்கள் என்றாராம். 1982 நவம்பரில் அது பில்போர்டில் முதலிடத்துக்குப் போய் மூன்று வாரம் அங்கேயே உட்கார்ந்தது! அடுத்த வருடம் ஆஸ்கர், கிராமி இரண்டும். காக்கர் தன் வாழ்நாளில் அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது இந்த ஒரே பாட்டில்தான்.

சரி, இது வெறும் காசுக்குப் பாடியதா? படத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், இது அப்படி ஒன்றும் இனிப்பான காதல் படம் கிடையாது. நாயகனின் அம்மா தற்கொலை செய்துகொண்டவள். அப்பா ஒரு குடிகாரக் கடற்படைச் சிப்பாய். கூடப் பயிற்சி பெறும் நண்பனும் தூக்கில் தொங்குகிறான். இவ்வளவுக்கும் பிறகு வெள்ளைச் சீருடையில் ரிச்சர்ட் கியர் தொழிற்சாலைக்குள் நடந்து வந்து டெப்ரா விங்கரைத் தூக்கிக்கொண்டு போகிறார். இந்த முடிவை நம்புவது கஷ்டம். தேன் தடவிய இரண்டு குரல்கள் இதைப் பாடியிருந்தால் சோப்பு விளம்பரம் மாதிரி இருந்திருக்கும். காக்கர் பாடும்போது 'இந்த ஆள் நிஜமாகவே கீழே கிடந்தவன்' என்று காதுக்குத் தெரிகிறது. அப்புறம் வார்ன்ஸின் தெளிந்த நீர் மாதிரியான குரல் வந்து சேர்கிறது. ஒருவர் தூக்கிவிட, மற்றவர் எழுந்து வருகிற மாதிரி. வுட்ஸ்டாக்கில் கேட்ட அதே கரகரப்புதான் இங்கேயும். கத்தாமல் பாடுகிறார், அவ்வளவே.

"வேறு யாரோ எழுதியதைப் பாடினார்" என்று சொல்வதும் எனக்குப் புரியவில்லை. வுட்ஸ்டாக்கில் பாடியது மட்டும் அவர் எழுதியதா என்ன? லெனனும் மெக்கார்ட்னியும் எழுதியது. அடுத்தவர் பாட்டை எடுத்துத் தன்னுடையதாக ஆக்குவதுதான் அவர் ஆரம்பத்திலிருந்தே செய்த வேலை.

எனக்கு எரிச்சல் வருவது இங்கேதான். ரசிகர்களாகிய நமக்கு உடைந்த கலைஞன் என்றால் ஒரு தனி மோகம். குடித்து, விழுந்து, சீக்கிரம் செத்தால் போஸ்டர். பிழைத்து, தலை வாரிக்கொண்டு, காதல் பாட்டுப் பாடினால் துரோகி! வுட்ஸ்டாக்கில் பாடிய ஜிமி ஹென்ட்ரிக்ஸும் ஜானிஸ் ஜாப்ளினும் 1970-லேயே போய்விட்டார்கள், இருவருக்கும் வயது 27. காக்கர் 2014 டிசம்பர் வரை, 70 வயது வரை இருந்தார். அந்தப் பாட்டு அவரைத் திருத்திவிட்டது என்று நான் சொல்லவில்லை. அதற்குப் பிறகும் பல வருடம் குடித்தார். அது கொடுத்தது வேலை. அதனால்தான் 1986-ல் 'யூ கேன் லீவ் யுவர் ஹேட் ஆன்', 1987-ல் 'அன்செயின் மை ஹார்ட்' எல்லாம் வந்தன. இந்த இரண்டையும் எங்கள் வகுப்புக் கோஷ்டி ஆசையாகக் கேட்கும் என்பது தனிக் கதை :)

ஒரு குறை மட்டும் உண்டு. எல்லோரும் (நானும் இவ்வளவு நேரம்) இதைக் காக்கர் பாட்டு என்றே பேசுகிறோம். ஜெனிஃபர் வார்ன்ஸ் பாடிய மூன்று படப் பாடல்கள் ஆஸ்கர் வாங்கியிருக்கின்றன. 1979-ன் 'நார்மா ரே' படப் பாட்டு, இது, அப்புறம் 1987-ன் 'டர்ட்டி டான்சிங்' டூயட். காக்கரை 2025-ல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தார்கள். வார்ன்ஸ் பெயரைச் சொன்னால் இன்னும் "யாரு அது?" என்றுதான் கேட்கிறார்கள்.