'சக்கர்' என்றால் சர்க்கரை இல்லை: மருத்துவ மாணவருக்கு இன்னொரு மொழி எதற்கு?

தண்டலத்தில் சவீதா மருத்துவக் கல்லூரி. சுற்றிலும் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகள். அங்கே பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் தொழிலாளர்கள். இந்தப் பகுதி மருத்துவமனை ஒன்றுக்கு வரும் தொழிலாளி "சக்கர் ஆ ரஹா ஹை" என்றால், தலை சுத்துது என்கிறார். நம் காதில் 'சக்கரை' என்று விழலாம். 'கப்ராஹட்' இன்னும் சிக்கல். மனப்பதற்றமாகவும் இருக்கலாம், நெஞ்சுப் படபடப்பாகவும் இருக்கலாம்.

சின்ன விஷயம்தானே?

1980-ல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் வில்லி ராமிரெஸ் என்ற 18 வயது இளைஞரை நினைவிழந்த நிலையில் மருத்துவமனையில் சேர்த்தார்கள். குடும்பத்தினர் சொன்ன ஸ்பானிஷ் சொல் 'இன்டாக்சிகாடோ'. கியூபா வழக்கில், சாப்பிட்டது ஏதோ ஒத்துக்கலை என்று பொருள். மருத்துவர்கள் போதைமருந்து என்று எடுத்துக்கொண்டார்கள். மூளைக்குள் ரத்தம் கசிந்தது தாமதமாகத்தான் தெரிந்தது. கைகால்கள் செயலிழந்தன. மருத்துவ மாணவர்களுக்கு ஸ்பானிஷ் ஏன் என்று கேட்டால், அங்கே இன்றும் சொல்லப்படும் உதாரணம் இது.

இங்கே 2019-ல் வந்த எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்தின் தொடக்கப் பயிற்சியில் உள்ளூர் மொழி உண்டு. வெளிமாநில மாணவர் தமிழ் படிக்கலாம், நல்லது. வெளிமாநில நோயாளியிடம் தமிழ் மாணவர் எப்படிப் பேசுவார்? (இந்தித் திணிப்பு விவாதத்தை இதில் இழுக்க வேண்டாம், ஒடிசாக்காரருக்கு இந்தியும் வேற்று மொழிதான்.)

அரைகுறை மொழியும் ஆபத்துதான். ஃபுளோரிடாவில் எல்லாரும் புரிஞ்சிடுச்சு என்றே நினைத்தார்கள், மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிடவில்லை. எனவே நூறு சொற்களோடு, கேட்டதைத் திருப்பிச் சொல்லி உறுதி செய்யும் பழக்கமும் வேண்டும். கூட வந்த சூப்பர்வைசரை மொழிபெயர்க்கச் சொல்வது சரியில்லை. மெஷினில் அடிபட்ட கதையை அவர் முன்னால் தொழிலாளி எப்படி முழுசாகச் சொல்வார்?