துணி இல்லாததல்ல பிரச்சினை

ஓவியத்தில் நிர்வாணம் வந்தால் அது அழகியல். பெஷன் போட்டோவில் வந்தால் ஆபாசம். விரிவுரை மண்டபத்திலும் இதே கதைதான், கன்ரீனிலும் இதே கதைதான். எங்களுக்கு இதில் துளியும் உடன்பாடில்லை. காமத்தின் மேல் எங்களுக்குக் கோபம் கிடையாது. உடலைப் பார்த்து மனம் கிளர்வதும், அதை வரைவதும், படம் பிடிப்பதும் மனுசருக்கு இயல்பு. ஆனால் ‘கலை’ என்ற சொல்லைக் காட்டிச் சிலர் ஒரு கேள்வியும் இல்லாமல் தப்பிப் போகினம். ‘ஆபாசம்’ என்ற சொல்லோ எப்பவும் படத்தில் இருக்கிற பெண்ணின் தலையில் மட்டும் விழுது. சண்டை இதோடுதான்.

முதலில் புனிதமான ஓவியங்களையே எடுப்போம். டிஷியனின் ‘உர்பினோவின் வீனஸ்’ இன்று புளோரன்ஸில் உலகப் பொக்கிஷமாகத் தொங்குகிறது. கட்டிலில் ஒரு பெண் ஆடையின்றிச் சாய்ந்திருக்கிறாள், காலடியில் நாய்க்குட்டி. 1538இல் அதை வாங்கிய இளம் பிரபு குயிடோபால்டோ, தன் ஆளுக்கு எழுதிய கடிதத்தில் அந்த ஓவியத்தை வெறுமனே ‘நிர்வாணப் பெண்’ என்றுதான் குறிப்பிட்டார். வீனஸ் என்ற தெய்வப் பெயர் பிறகு ஒட்டிக்கொண்டது. வாங்கினவருக்கு விளங்கின விசயம், இன்று அதற்கு விளக்கம் சொல்லுகிறவர்களுக்கு விளங்காதாம்!

அடுத்து பாரிஸ், 1863. கபனெல் வரைந்த ‘வீனஸின் பிறப்பு’ சலோன் கண்காட்சியில் பாராட்டு வாங்குகிறது. கடல் அலை மேல் ஒரு நிர்வாணப் பெண், கண் பாதி மூடியபடி. சக்கரவர்த்தி மூன்றாம் நெப்போலியனே காசு கொடுத்து வாங்குகிறார். இரண்டு வருடம் கழித்து அதே சலோனில் மனேயின் ‘ஒலிம்பியா’. டிஷியனின் அதே கிடப்பு, ஆனால் தெய்வம் இல்லை, நாய்க்குட்டிக்குப் பதில் கறுப்புப் பூனை. கழுத்தில் கறுப்பு நாடா, காலில் செருப்பு, பக்கத்தில் வாடிக்கையாளர் அனுப்பிய பூங்கொத்தோடு பணிப்பெண். ஊரே கொதித்தது. பிணம் என்றார்கள், ஊத்தைத் தோல் என்றார்கள். கடைசியில் படத்தைத் தூக்கி எட்டாத உயரத்தில் மாட்ட வேண்டி வந்தது.

துணி இல்லாததுதான் குற்றமென்றால் கபனெலின் பெண்ணும் துணியில்லாமல்தானே கிடந்தாள்? ஒலிம்பியா கண்ணை மூடவில்லை. நேரே பார்க்கிறாள், “நீ காசு கொடுக்க வந்தவன்தானே” என்று கேட்கிற மாதிரி. அதைத்தான் அவர்களால் தாங்க முடியவில்லை.

அந்தப் பெண்ணுக்கு ஒரு பெயர் உண்டு: விக்டோரின் மெரான். அவரும் ஓவியர். 1876இல் சலோன் அவரது ஓவியத்தை ஏற்றது. அந்த வருடம் மனேயின் ஓவியங்களைத் திருப்பி அனுப்பியது. ஆனால் கலை வரலாறு எழுதினவர்கள் என்ன சொன்னார்கள்? குடித்துச் சீரழிந்து இளமையிலேயே போய்விட்டாள் என்று. அவர் இறந்தது 1927இல், எண்பது வயது தாண்டி! பூங்கொத்தோடு நிற்கும் கறுப்பினப் பெண்ணுக்கு லோர் என்ற முதற்பெயர் மட்டும் மிஞ்சியிருக்கிறது.

இனி பெஷன். 2000ஆம் ஆண்டு ‘ஓப்பியம்’ வாசனைத் திரவியத்துக்கு ஸ்டீவன் மைசெல் எடுத்த விளம்பரம்: சோஃபி டால் நகையும் குதிச்செருப்பும் மட்டும் போட்டுக்கொண்டு, கண்ணை மூடிச் சாய்ந்து கிடக்கிறார். பிரித்தானியாவில் 900க்கு மேற்பட்ட முறைப்பாடுகள். தெருவோரப் பதாகைகளைக் கழற்றச் சொன்னார்கள், சஞ்சிகைகளில் மட்டும் அதே படம் இருக்கலாமாம். ஒரு கூட்டம் ஆபாசம் என்றது, மறுகூட்டம் பழைய ஓவியம் மாதிரி இருக்கு என்றது. ஓம், பழைய ஓவியம் மாதிரித்தான். கபனெல் மாதிரி! அதற்காக அதை மெச்ச வேண்டுமோ?

இந்தச் சத்தத்துக்குள் ஸ்டூடியோக் கதவுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று கேட்டவர்கள் குறைவு. டெரி றிச்சட்சனின் படங்கள் ‘துணிச்சல்’ என்ற பெயரில் பல வருடம் விற்றன. மொடல்கள் அவர் மேல் பாலியல் குற்றச்சாட்டுகளை வைத்தார்கள், அவர் மறுத்தார். கொண்டே நாஸ்ட் சஞ்சிகைகள் அவரோடு வேலை செய்வதை நிறுத்தியது 2017இல்தான். நியூயோர்க்கில் மொடலுக்கு அவருடைய ஒப்பந்தப் பிரதியைக் கையில் கொடுக்கவேண்டும் என்பதையும் சேர்த்துச் சட்டமாக்க 2024 ஆனது. படத்தில் மார்பு எவ்வளவு தெரியுது என்று அளக்க மட்டும் எல்லோரிடமும் அடிமட்டம் இருந்தது.

எங்கட நாட்டிலும் இதே கேள்வியைக் கேட்கத்தான் வேண்டும். லயனல் வென்ட் எடுத்த ஆண் உடல்களின் படங்கள் எங்களுக்குப் பிடிக்கும். ஆணுடலை ஆசையோடு பார்க்கலாம் என்று அந்தக் காலத்திலேயே காட்டின மனிசன். கொழும்பில் அவர் பெயரில் அரங்கும் இருக்கு. ஆனால் அந்தப் படங்களில் நிற்கிற உழைப்பாளி ஆண்கள் ஆர்? பெரும்பாலும் பெயரே இல்லை. வசதியான கொழும்பு வீட்டுக்காரரின் கமராவுக்கு முன்னால் ‘வேண்டாம் ஐயா’ என்று சொல்ல அவர்களால் முடிந்திருக்குமா? படம் அழகாக இருப்பதால் இந்தக் கேள்வி இல்லாமல் போகாது.

இப்ப பேஸ்புக்குக்கு வாருங்கோ. ஒரு புடவைக் கடைக்கு மொடலாக நின்ற பிள்ளையின் படம் வந்தால், முதுகு தெரியுது, இடுப்பு தெரியுது என்று கீழே நூறு கொமன்ட். தமிழ்க் கலாசாரம் ஒவ்வொரு முறையும் அவவின்ர இடுப்பிலதான் அழியுது. படத்தை எடுத்தவருக்கு ஒரு சொல் இல்லை. விற்ற கடைக்காரருக்கும் இல்லை. திட்டினவையே அடுத்த கிழமை அதே கடையில் தீபாவளிக்குச் சேலை வாங்குவினம்.

அண்ணாமாரே, கலாசாரத்தைக் காக்கிற அவசரம் அவ்வளவு இருந்தால் கடைக்காரரிட்டப் போய்க் கேளுங்கோ: அந்தப் பிள்ளைக்கு எவ்வளவு குடுத்தனீங்கள்? எந்தப் படத்தைப் போடலாம், எதைப் போடக்கூடாது எண்டு அவவிட்ட ஒருக்கா எண்டாலும் கேட்டனீங்களோ?