இலவசக் கோப்பும் சுழிப்பிழையும்

ஆய்வகத்தில் வெர்னியர் அளவியைக் கையில் எடுத்ததும் முதல் வேலையாக என்ன செய்கிறீர்கள்? கோளத்தை உடனே தாடைகளுக்கு இடையில் வைத்து அளந்துவிடுவதில்லை. தாடைகளை ஒன்றோடொன்று சேர்த்து, வெர்னியரின் சுழிக்கோடு முதன்மைக் கோலின் சுழிக்கோட்டோடு பொருந்துகிறதா என்று பார்க்கிறீர்கள். பொருந்தாவிட்டால் சுழிப்பிழையைக் குறித்துக்கொண்டு திருத்தம் செய்கிறீர்கள். அளவி நல்ல கடையில் விலை கொடுத்து வாங்கியதுதான். ஆயினும் சோதிக்காமல் நம்புவதில்லை. இப்படிப் பழகிய நீங்களே வீட்டுக்குப் போனதும், முன்பின் அறியாத ஒரு வலைத்தளத்தில் யாரோ ஏற்றிவைத்த கோப்பை இறக்கி, மறுகணமே திறந்துவிடுகிறீர்களே, அது எப்படி?

உங்களைக் குறை கூறும் தகுதி எனக்கு இல்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். 2019-ஆம் ஆண்டில் எங்கள் துறைக்கு வரைபடம் வரையும் மென்பொருள் ஒன்று தேவைப்பட்டது. விலை அதிகம். பூட்டு உடைக்கப்பட்ட பதிப்பு ஒன்று இலவசக் கோப்புத் தளம் ஒன்றில் கிடைத்தது. கடவுச்சொல் இட்ட சுருக்கக் கோப்பு அது. கூடவே ஒரு குறிப்பு: நிறுவுவதற்கு முன் நச்சுநிரல் தடுப்பை அணைத்துவிடவும் என்று. அணைத்தேன்! காவல் நாயைக் கட்டிப்போட்டுவிட்டுக் கதவைத் திறந்து வைத்தவன் கதைதான். அன்று மாலைக்குள் அந்தக் கணிப்பொறியில் இருந்த கோப்புகளின் பெயர்களுக்குப் பின்னால் நான்கு எழுத்துகள் புதிதாக ஒட்டிக்கொண்டிருந்தன. எதுவும் திறக்கவில்லை. பல ஆண்டுகளாகச் சேர்த்த வினாத்தாள்கள், மாணவர்களின் செய்முறை அளவீடுகள் எல்லாம் போயின. அடைவுதோறும் ஒரு கடிதம் கிடந்தது. 980 டாலர் தர வேண்டும். 72 மணி நேரத்துக்குள் தந்தால் பாதி, அதாவது 490 டாலர் போதும் என்று அதில் எழுதியிருந்தது. தள்ளுபடி விற்பனை!

கோப்புகளை மறையாக்கம் செய்து பூட்டிப் பணயம் கேட்கும் இத்தகைய நிரல்களில் எங்களைத் தாக்கியது 'ஸ்டாப்' என்னும் குடும்பத்தைச் சேர்ந்தது. இது பரவிய முக்கிய வழியே பூட்டு உடைத்த மென்பொருள்கள்தாம். ஒவ்வொரு கோப்பிலும் முதல் 150 கிலோபைட் அளவை மட்டும் மறையாக்கம் செய்யும். வேகமாக வேலை முடிய வேண்டுமல்லவா? அதே ஆண்டு அக்டோபரில் இக்குடும்பத்தின் பழைய வகைகள் பலவற்றுக்குச் சாவி ஒன்றை வல்லுநர்கள் இலவசமாக வெளியிட்டார்கள். எங்களுக்கு வந்தது அப்பட்டியலில் இல்லை.

இக்கதையைக் கேட்ட பெரியவர்கள் பலரும் சொல்லும் முடிவு ஒன்று உண்டு: "இனிமேல் இணையத்திலிருந்து எதையும் இறக்காதே." இம்முடிவை நான் ஏற்கவில்லை. கோப்புகளைப் பகிரும் தளம் என்பது தன்னளவில் தீயதன்று. யாரும் ஒரு கோப்பை ஏற்றலாம். அதற்கு ஓர் இணைப்பு கிடைக்கும். அவ்விணைப்பை அறிந்தவர் இறக்கிக்கொள்ளலாம். அவ்வளவுதான். உங்கள் ஆசிரியர் கூகுள் டிரைவில் வைத்துத் தரும் பாடக் குறிப்பும் இவ்வழியில் வருவதுதான். கேள்வி, தளம் நல்லதா கெட்டதா என்பதன்று. கோப்பைச் செய்தவருக்கும் உங்களுக்கும் இடையே உள்ள சங்கிலி அறுபடாமல் இருக்கிறதா என்பதே. ஆசிரியர் தந்த இணைப்பில் அச்சங்கிலி தெரிகிறது. பெயர் தெரியாத ஒருவர் ஏற்றியதில் அது அறுந்துபோயிருக்கிறது. செய்தவர் கொடுத்ததுதான் உங்கள் கைக்கு வந்ததா என்று சொல்ல இடையில் யாரும் இல்லை.

இலவசத் தளத்துக்குச் செலவு இல்லையா? வழங்கி வேண்டும், வட்டு வேண்டும், மின்சாரம் வேண்டும். யார் கொடுக்கிறார்கள்? மெகாஅப்லோடு என்ற புகழ்பெற்ற தளத்தை 2012-ஆம் ஆண்டு ஜனவரி 19 அன்று அமெரிக்க நீதித்துறை முடக்கியது. அரசுத் தரப்பின் குற்றப்பத்திரிகை அதன் வருமானத்தை 17 கோடியே 50 இலட்சம் டாலருக்கு மேல் என்று கணக்கிட்டது. அதில் பெரும்பகுதி, விரைவாக இறக்கிக்கொள்ளச் சந்தா கட்டியவர்களிடமிருந்து வந்தது, மீதி விளம்பரத்திலிருந்து. இப்போது புரிகிறதல்லவா, இலவசமாக இறக்குவோரை 60 விநாடி, 90 விநாடி என்று ஏன் காக்க வைக்கிறார்கள் என்பது? காத்திருக்கும் அந்நேரம் உங்கள் பொறுமையைச் சோதித்துச் சந்தாவுக்கு இழுக்கவும், விளம்பரங்களைக் காட்டவும் பயன்படுகிறது. (அன்று தளம் மூடப்பட்டபோது, சட்டப்படி தம் சொந்தக் கோப்புகளைப் போட்டு வைத்திருந்தவர்களும் அவற்றை எட்ட முடியாமல் போயிற்று என்பது வேறு கதை.)

அப்பக்கங்களை ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். 'பதிவிறக்கு' என்று பச்சை நிறத்தில் மூன்று நான்கு பொத்தான்கள் இருக்கும். உண்மையானது பெரும்பாலும் சிறியதாக, மங்கலாக ஓர் ஓரத்தில் ஒதுங்கியிருக்கும். மற்றவை விளம்பரங்கள். ஒன்றைத் தட்டினால் நீங்கள் கேளாத நிரல் ஒன்று இறங்கும். மற்றொன்றைத் தட்டினால் "அறிவிப்புகளை அனுமதிக்கவும்" என்று கேட்கும். அனுமதித்துவிட்டால், உங்கள் கணிப்பொறியில் நூறு நச்சுநிரல்கள் உள்ளன என்ற பொய் எச்சரிக்கை நாள்தோறும் வந்துகொண்டே இருக்கும்.

புகழ்பெற்ற தளங்களிலும் இவ்வாசை தலைகாட்டியது உண்டு. கிம்ப் என்பது படங்களைத் திருத்த உதவும் இலவச மென்பொருள். அதை வெளியிட்டுவந்த சோர்ஸ்போர்ஜ் தளத்தில், ஏமாற்றுப் பொத்தான் விளம்பரங்கள் பெருகியதால் 2013-இல் கிம்ப் குழுவினர் அங்கிருந்து வெளியேறினர். 2015-ஆம் ஆண்டு மே மாதத்தில் அதே தளம், விண்டோஸுக்கான கிம்ப் நிறுவியைத் தன் சொந்த உறையில் சுற்றி, வேறு விளம்பர மென்பொருள்களையும் சேர்த்துக் கொடுத்தது தெரியவந்து பெரும் எதிர்ப்பு எழுந்தது. 2016-இல் தளம் கைமாறியதும் புதிய உரிமையாளர்கள் இப்படிச் சுற்றிக் கொடுக்கும் திட்டத்தைக் கைவிட்டனர். அங்கே இறக்கியவர் கண்ட பெயர் கிம்ப். படமும் கிம்ப்பின் படம்தான். இடையில் ஒரு கை புகுந்ததைப் பெயரைப் பார்த்து அறிய வழியில்லை.

அப்படியானால் எதைப் பார்த்து அறிவது? இங்கேதான் நமது சுழிப்பிழைச் சோதனைக்கு நிகரான ஒன்று உதவிக்கு வருகிறது. கணிப்பொறிக்கு எந்தக் கோப்பும், பாட்டாயினும் படமாயினும், 0, 1 ஆகியவற்றின் நீண்ட வரிசையே. அவ்வரிசையைக் குறிப்பிட்ட விதிப்படி துண்டு துண்டாக எடுத்துக் கலக்கிக் கலக்கி, இறுதியில் ஒரு குறிப்பிட்ட நீளமுள்ள எண்ணாகச் சுருக்கலாம். இதை ஹாஷ் என்பர். கோப்பின் கைரேகை என்று நாம் வைத்துக்கொள்வோம். இன்று பெரிதும் பயன்படும் எஸ்.எச்.ஏ.-256 என்ற முறையில் கிடைப்பது 256 பிட் எண். பதினாறடிமான முறையில் எழுதினால் 64 குறிகள். கோப்பு ஒரு வரிக் கடிதமாக இருந்தாலும் இரண்டு மணி நேரத் திரைப்படமாக இருந்தாலும் கைரேகை அதே 64 குறிகள்தாம்.

இதன் அழகு வேறோர் இடத்தில் உள்ளது. திரைப்படத்தின் கோடானுகோடி பிட்டுகளில் ஒன்றே ஒன்றை மாற்றுங்கள். கைரேகையின் பிட்டுகளில் ஏறத்தாழப் பாதி மாறிவிடும். சிறு மாற்றம், சிறு விளைவு என்ற பேச்சே இங்கு இல்லை. இவ்வாறு அமையக்கூடிய கைரேகைகளின் எண்ணிக்கை 2-இன் 256-ஆம் அடுக்கு. அதாவது 1-ஐ எழுதி, அதன் பின்னால் 77 சுழிகளை இட்டால் வரும் எண்ணைவிடச் சற்று அதிகம். ஒரு கோப்பின் கைரேகை வருமாறு வேறொரு கோப்பைத் திட்டமிட்டுச் செய்ய இன்றுவரை எவராலும் முடியவில்லை. பழைய முறைகள் சில வீழ்ந்துவிட்டன என்பதையும் சொல்ல வேண்டும். எம்.டி.5 முறையில் ஒரே கைரேகை கொண்ட இரு வேறு கோப்புகளை 2004-இல் சீனக் கணித அறிஞர்கள் உருவாக்கிக் காட்டினர், எஸ்.எச்.ஏ.-1 முறைக்கும் 2017-இல் அதே கதி நேர்ந்தது. ஆகவே 256-ஐயே தேடுங்கள்.

செய்முறை எளிது. மென்பொருளை உருவாக்கியவர்கள் தம் தளத்தில் அதன் கைரேகையையும் வெளியிடுவது வழக்கம். லிப்ரே ஆபீஸ் போன்றவற்றுக்கு இது உண்டு. கோப்பு எந்தத் தளத்திலிருந்து வந்தாலும் சரி, உங்கள் கணிப்பொறியில் அதன் கைரேகையைக் கணக்கிட்டு ஒப்பிடுங்கள். விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் இதற்கான கட்டளை கூடவே வருகிறது; தனியாக எதையும் நிறுவ வேண்டியதில்லை. 64 குறிகளும் ஒத்தால் வந்தது அசல் கோப்பே. ஒரு குறி மாறினாலும் திறக்காமல் அழித்துவிடுங்கள்.

ஒரு நுணுக்கம். கைரேகையைக் கோப்பு இருந்த அதே பக்கத்திலிருந்து எடுத்துப் பயனில்லை. உருவாக்கியவரின் தளத்திலிருந்தே எடுக்க வேண்டும். அங்கும் புல்லுருவிகள் நுழைவதுண்டு. 2016-ஆம் ஆண்டு பிப்ரவரி 20 அன்று லினக்ஸ் மின்ட் இயக்க அமைப்பின் தளத்துக்குள் ஒருவர் புகுந்து, பதிவிறக்க இணைப்பை, பின்கதவு வைத்த போலிக் கோப்பை நோக்கித் திருப்பிவிட்டார். இணைப்பை மாற்ற முடிந்தவர் பக்கத்தில் எழுதியிருக்கும் கைரேகையையும் மாற்றிவிடலாமே! இதற்காகத்தான் இலக்க ஒப்பம் என்ற அடுத்த பூட்டு வந்தது. 2017-இல் சிகிளீனர் என்ற மென்பொருளில் செய்தவரின் கூடத்திலேயே நச்சு கலந்து, முறையான ஒப்பத்தோடு ஏறத்தாழ ஒரு மாதம் வெளிவந்ததும் உண்டு. ஆகவே கைரேகை எல்லா நோய்க்கும் மருந்தன்று. சுழிப்பிழை பார்த்துவிட்டால் அளவீட்டில் வேறு பிழையே வராதா என்ன? அதற்காகச் சுழிப்பிழை பார்ப்பதை விட்டுவிடுகிறோமா?

உங்களில் பலரிடம் கணிப்பொறி இல்லை, கைப்பேசிதான் உண்டு என்பதை அறிவேன். ஆண்ட்ராய்டு செயலி ஒவ்வொன்றிலும் செய்தவரின் ஒப்பம் இருக்கும். ஏற்கெனவே உள்ள செயலியின் மீது வேறு ஒப்பமிட்ட புதுப்பிப்பைப் போட முயன்றால் கைப்பேசி மறுத்துவிடும். ஆனால் யாரோ ஒருவர் அசலைப் பிரித்து, உள்ளே எதையோ சேர்த்து, தன் ஒப்பத்தை இட்டுக் கோப்புத் தளத்தில் போட்டதை நீங்கள் புதிதாக நிறுவினால் அது என்ன செய்யும்? முன்பின் பார்க்காத ஒப்பம்; ஒப்பிட வேறொன்று இல்லை; ஏற்றுக்கொள்ளும். 2021-ஆம் ஆண்டு ஆகஸ்டில், எஃப்.எம். வாட்ஸ்அப் என்ற மாற்றியமைத்த செயலியின் ஒரு பதிப்பில் ட்ரையடா என்னும் நச்சுநிரல் இருப்பதைக் காஸ்பர்ஸ்கை நிறுவனத்தார் கண்டறிந்தனர். அது வேறு நச்சுநிரல்களை இறக்கியது. பயனர் அறியாமலே கட்டணச் சேவைகளில் அவரைச் சேர்த்தது. கூடுதல் வசதி வேண்டும் என்று இறக்கியவர்கள், அதன் விலையைக் கைப்பேசிக் கட்டணத்தில் கண்டார்கள்.

"சார், நான் எத்தனையோ முறை இறக்கியிருக்கிறேன், ஒன்றும் ஆகவில்லையே" என்று வகுப்பில் ஒரு மாணவர் எப்போதும் எழுந்து சொல்வார். அவருக்கு நான் கேட்பது இதுதான்: காமாக் கதிர் மேலே பட்டால் சுடுமா? சுடாது. பணயம் கேட்கும் நிரல் கூச்சலிடுகிறது. அதனால் வந்தது தெரிகிறது. உலாவியில் நீங்கள் சேமித்து வைத்த கடவுச்சொற்களை அள்ளிக்கொண்டு போகும் நிரல் கூச்சலிடாது. 'ஸ்டாப்' குடும்பம்கூடப் பல இடங்களில் அத்தகைய திருட்டு நிரல்களையும் கூட்டிக்கொண்டே வந்தது. ஒன்றும் தெரியவில்லை என்பதும் ஒன்றும் நிகழவில்லை என்பதும் வேறு வேறு. கருவி காட்டாததால் கதிர் இல்லை என்று நீங்கள் பதிவேட்டில் எழுதமாட்டீர்கள்.

கைரேகை வெளியிடப்படாத கோப்புகளுக்கு உங்கள் கணக்கறிவையே துணைக்கு அழையுங்கள். இரண்டு மணி நேரத் திரைப்படம் 900 கிலோபைட்டில் அடங்குமா? அடங்காது, அவ்வளவு தகவலை அவ்வளவு சிறிய இடத்தில் திணிக்க முடியாது. ஆகவே அது படமன்று, நிரல். பெயரின் இறுதிப் பின்னொட்டையும் பாருங்கள். 2000-ஆம் ஆண்டு மே மாதம் உலகை உலுக்கிய காதல் கடிதப் புழு, உரைக் கோப்பு போலத் தோன்றும் பெயரில் வந்தது. அதன் உண்மையான பின்னொட்டை விண்டோஸ் மறைத்துவிட்டதால் கோடிக்கணக்கானோர் ஏமாந்தனர். அம்மறைப்பு இன்றும் விண்டோஸில் இயல்பாகவே இருக்கிறது. அதை நீக்கும் அமைப்பு உண்டு, இன்றே நீக்கிவிடுங்கள். கோப்புத் தளத்தில் 'சோதிக்கப்பட்டது' என்று எழுதியிருப்பதை நம்ப வேண்டாம். கடவுச்சொல் இட்ட சுருக்கக் கோப்பின் உள்ளே எந்தத் தளத்தாலும் பார்க்க முடியாது. கூகுள் டிரைவும் 100 மெகாபைட்டுக்கு மேற்பட்ட கோப்பைச் சோதிக்க இயலாது என்று தானே சொல்லிவிடுகிறது. அந்த நேர்மை மற்றவற்றில் இல்லை.

எனக்கு வியப்பளிப்பது வேறொன்று. மாணவர்கள் இத்தளங்களில் தேடும் பொருள்களில் பல, செய்தவரிடமே இலவசமாக இருக்கின்றன. தமிழ்நாட்டுப் பாடநூல்களை அரசே தன் தளத்தில் வைத்திருக்கிறது. தமிழ் இலக்கியங்கள் 1998 முதல் மதுரைத் திட்டத்தில் சேர்ந்துவருகின்றன. வானத்தைத் திரையில் காட்டும் ஸ்டெல்லேரியம், கொலராடோ பல்கலைக்கழகத்தின் பெட் செயல்விளக்கங்கள் ஆகியவற்றுக்கும் காசில்லை. அவற்றை விட்டுவிட்டு மூன்றாவது ஆளின் கிடங்கில் ஏன் 90 விநாடி காத்துக்கிடக்கிறீர்கள்?

பள்ளிக் கணிப்பொறி ஆய்வகத்தில் 'பதிவிறக்கம் கூடாது' என்று அட்டை தொங்குகிறது. அதை எடுத்துவிட்டு, கைரேகை ஒப்பிடுவதை ஒரு செய்முறைப் பயிற்சியாக வைக்க வேண்டும் என்பது என் கருத்து. ஆசிரியர் ஒரே பெயரில் இரண்டு கோப்புகள் தரட்டும். ஒன்றில் ஒரே ஓர் எழுத்து மாறியிருக்கட்டும். எது அசல் என்று மாணவர் கண்டுபிடிக்கட்டும். ஒரு பாடவேளை போதும்.

எங்கள் துறையில் அந்த வினாத்தாள்களில் பாதியை அச்சுப் பிரதிகளைப் பார்த்து மறுபடியும் தட்டச்சு செய்தோம், மீதி கிடைக்கவேயில்லை. வரைபடத்துக்கு இப்போது லிப்ரே ஆபீஸைத்தான் பயன்படுத்துகிறோம். புதிய பதிப்பை நிறுவும்போதெல்லாம் தேதியையும் 64 குறிகளையும் ஆய்வகப் பதிவேட்டில், வெர்னியர் அளவிகளின் சுழிப்பிழைப் பட்டியலுக்கு அடுத்த பக்கத்தில், எழுதி வைக்கிறோம்.